சிலாபத்திலிருந்து கெய்ரோவின் கடைத்தெருவுக்கு

ஆவணியில் முன்னேஸ்வரத் திருவிழா களைகட்டினால் கோயில் வீதியில் நடக்க இடமிருக்காது. காப்புக்கடை, கச்சான் கடை, இனிப்புக்கடை, பித்தளைச் சாமான், பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள் எல்லாம் அங்கே இருக்கும். சாமியைக் கும்பிட்டவர்கள் கையில் ஏதாவது ஒரு பையோடுதான் பஸ் ஏறுவார்கள். தொழுகை, வேடிக்கை, வியாபாரம் மூன்றையும் ஒரே தெருவில் ஆயிரம் வருடமாக நடத்திவரும் தலைநகரம் ஒன்று அரபு உலகில் இருக்கிறது. அது கெய்ரோ. சிலாபக் கரைக்கு அது முன்பின் தெரியாத ஊரும் அல்ல.

1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கினார். யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தான். பாரசீக மொழியில் உரையாடி, முத்துகளை எடுத்துக் காட்டி, பாவாத மலைக்குப் போக வழித்துணையும் கொடுத்தான். கரையெங்கும் கறுவா மரங்கள் குன்றுபோலக் கிடந்ததாகப் பதூதா எழுதியிருக்கிறார். ஆற்று வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய மரங்கள் அவை. மலபார்க்காரர்கள் அரசனுக்குத் துணிமணி கொடுத்துவிட்டு அள்ளிக்கொண்டு போவார்களாம். மலைக்குப் போகும் வழியில் அவர் குறிப்பிடும் 'பந்தர் சலாவாத்' என்ற துறை சிலாபமே என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். முன்னேஸ்வரத்திலிருந்து அது கூப்பிடு தூரம்.

அதற்கு 18 வருடம் முன்பு, 1326இல், இதே மனிதர் கெய்ரோவில் இருந்தார். அங்கே அவரை வியக்கவைத்தவற்றில் ஒன்று சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை. அந்தச் சுல்தானோடு இலங்கைக்கு ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு.

யாப்பகூவவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1283இல் கலாவூனுக்குத் தூது அனுப்பினான். தூதர்கள் ஹோர்முஸ், பாக்தாத் வழியாகக் கெய்ரோ போய்ச் சேர்ந்தார்கள். தங்கப் பெட்டிக்குள் இருந்த ஓலையைப் பிரித்தால் அதை வாசிக்க அரண்மனையில் ஆளில்லை! தூதர்களே விஷயத்தை வாயால் சொன்னார்கள். முத்து இருக்கிறது, மாணிக்கம் இருக்கிறது, யானை இருக்கிறது, கறுவா இருக்கிறது. யேமன்காரர்கள் கேட்டும் சுல்தானின் நட்புக்காக அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றார்கள். இந்தக் காலத்து வர்த்தகத் தூதுக்குழு ஒன்று இதைவிடக் கெட்டித்தனமாகப் பேசியிருக்காது.

அடுத்த வருடமே கலாவூன் கட்டட வேலையைத் தொடங்கினான். மருத்துவமனை, மத்ரசா, தனக்கொரு கல்லறை மண்டபம் ஆகிய மூன்றும் 1284க்கும் 1285க்கும் இடையில், சுமார் 13 மாதத்தில் எழுந்தன. ஏழை, பணக்காரர், ஆண், பெண் என்று பாராமல் அங்கே வைத்தியம் பார்த்தார்கள். மருத்துவமனையில் சில பகுதிகளே மிஞ்சியிருக்கின்றன. கல்லறை மண்டபம் கம்பீரமாக நிற்கிறது. கருங்கல் தூண்கள், பலநிறச் சலவைக்கல், இடையிடையே முத்துச்சிப்பிப் பதிப்பு. கெய்ரோவுக்குப் போகும் இலங்கையர் முதலில் பார்க்கவேண்டிய இடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்லவேண்டும். பிரமிட்டுகள் ஓடிவிடாது, அவை நகரத்துக்கு வெளியே கீசாவில் இருக்கின்றன, அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும்.

மண்டபம் இருப்பது முயிஸ் வீதியில். 969இல் பாத்திமியர் கெய்ரோவை நிறுவியபோது நகரத்தின் நடுத்தெரு இதுதான். வடக்கே 1087இல் கட்டிய பாபுல் ஃபுதூஹ் வாசலில் தொடங்கி, தெற்கே 1092இல் கட்டிய பாப் சுவைலா வரை நடந்தால் பழைய நகரை ஊடறுத்துவிடலாம். பாப் சுவைலாவில் ஏறிப் பார்க்கலாம், காசு கொடுத்தது வீண்போகாது. கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பேயை 1517இல் துருக்கியர் தூக்கிலிட்டது இந்த வாசலில்தான்.

நடுவழியில் கான் அல் கலீலி. ஜஹார்கஸ் அல் கலீலி என்ற அதிகாரி 1382இல் வணிகர் விடுதியாகக் கட்டியது. அவர் அதற்குத் தேர்ந்தெடுத்தது பாத்திமிய அரச குடும்பத்தின் புதைகுழி நிலத்தை என்பதுதான் கொஞ்சம் நெருடல். இன்று அங்கே செம்புத் தட்டு, கண்ணாடி விளக்கு, அத்தர்க்குப்பி, வெள்ளிநகை எல்லாம் கிடைக்கும். சீனாவிலிருந்து வந்த சாமானும் தாராளமாகக் கிடைக்கும். பபைரஸ் என்று காட்டுவதில் வாழைநாரில் செய்த போலியும் கலந்திருக்கும்; அசல் மடித்தாலும் சுருட்டினாலும் சட்டென்று முறியாது. தங்கத்தை நிறைக்கு விற்பார்கள், கூலி தனி. பேரம் அந்தக் கூலியில்தான். மற்றப் பொருளுக்கு முதலில் சொல்லும் விலையில் பாதியைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கடைக்காரர் தேநீர் தந்தால் குடிக்கலாம், குடித்துவிட்டதற்காக வாங்கவேண்டியதில்லை. கறுவாப்பட்டையை மட்டும் தொடவேண்டாம். ஊரில் இருப்பதை அவ்வளவு தூரம் போய் வாங்குவானேன்?

பேரம் அலுத்தவர்கள் பாப் சுவைலாவைத் தாண்டி கையாமியா தெருவுக்கு வரவேண்டும். கூரை மூடிய தெரு, கூடாரத் துணி தைப்பவர்களின் தெரு. தைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காகிதத்தில் வரைந்த கோலத்தை ஊசியால் துளையிட்டு, துணிமேல் விரித்து, பொடியைத் தேய்க்கிறார்கள். கோடு துணியில் இறங்குகிறது. பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, பெரிய கத்தரியால் வண்ணத் துண்டை வெட்டி, ஊசி முனையாலேயே ஓரத்தை உள்ளே மடித்து மடித்துத் தைக்கிறார்கள். அளவெடுத்துக் குறிப்பதற்காகக்கூடக் கை நிற்பதில்லை. ஒரு தலையணை உறையாவது வாங்க ஆசைவரும். வாங்கலாம், அது அந்த ஊரில் செய்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பல கடைகள் பூட்டியிருக்கும், ஜும்ஆ முடிந்த பிறகு தெரு நிறையும். பள்ளிவாசல்களுக்குள் போக உடம்பை மறைக்கும் உடுப்பும், பெண்களுக்குத் தலைத்துணியும் வேண்டும். வெயிலுக்குப் பயந்தவர்களுக்கு நவம்பர் முதல் பெப்ரவரி வரை நல்ல காலம்.

நேரமிருந்தால் அப்தீன் அரண்மனைக்கும் போகலாம். 1881 செப்டெம்பரில் இதன் முற்றத்தில் படையோடு வந்து எகிப்தை ஆண்ட கதீவ் தவ்பீக்கை எதிர்த்து நின்றவர் அஹ்மத் உராபி. அடுத்த வருடம் ஆங்கிலேயர் அவரைத் தோற்கடித்து இலங்கைக்கு நாடுகடத்தினர். 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கியவர், பிறகு கண்டிக்குப் போய், 1901 வரை இங்கேயே இருந்தார். இலங்கை முஸ்லிம்களிடையே துருக்கித் தொப்பி பரவியதிலும் ஆங்கிலக் கல்வி ஆர்வம் வளர்ந்ததிலும் அவருக்குப் பங்கிருக்கிறது. அவர் வாழ்ந்த கண்டி வீடு இப்போது அருங்காட்சியகம். எகிப்துக்கு டிக்கெட் எடுக்க வசதி இல்லாதவர்கள் சிலாபத்திலிருந்து குருநாகல் வழியாகப் பஸ்ஸிலேயே போய் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.