எதிராளி இல்லாத போர்க்களம்

கி.மு. 202. இன்றைய துனிசியாவில், ஜாமா என்ற ஊரின் பெயரால் வரலாறு நினைவில் வைத்திருக்கும் களம். கார்த்தேஜின் ஹனிபால் எண்பதுக்கும் மேற்பட்ட யானைகளை முன்னால் நிறுத்தியிருந்தார். ரோமானியத் தளபதி சிப்பியோ தன் காலாட்படைப் பிரிவுகளை வழக்கம்போல மாற்றி மாற்றி நிறுத்தாமல், ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி நடுநடுவே சந்து விட்டிருந்தார். கொம்புகளும் எக்காளங்களும் முழங்கியதும் சில யானைகள் மிரண்டு திரும்பித் தம் படையின் மேலேயே பாய்ந்தன. மற்றவற்றில் பல அந்தச் சந்துகளுக்குள் ஓடின. ரோமின் குதிரைப்படையும் அதன் கூட்டாளியான நுமிடிய அரசர் மாசினிசாவின் குதிரைப்படையும் எதிரிக் குதிரைகளைத் துரத்திக்கொண்டு களத்தை விட்டே போய்விட்டன. நடுவில் காலாட்கள் வெகுநேரம் சமபலத்தோடு பொருதினார்கள். துரத்திப் போன குதிரைகள் திரும்பி வந்து ஹனிபாலின் படையைப் பின்னாலிருந்து தாக்கிய பிறகே முடிவு தெரிந்தது.

இந்தப் போரை 60 செ.மீ. சதுரப் பலகையின் மேல், சுண்டுவிரல் நுனியளவு உலோக வீரர்களை வைத்து, ஒரே ஆள் உட்கார்ந்து நடத்திப் பார்க்கலாம். மினியேச்சர் போர் விளையாட்டு என்று இதற்குப் பெயர். நகர்வதை அளவுகோல் வைத்து அளப்பார்கள். சண்டையின் முடிவைப் பகடை சொல்லும். எதற்கு எவ்வளவு என்பதை விதிநூல் சொல்லும். பிரிட்டனில் இதற்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் இதன் வேர் இன்னும் கிழக்கே, நம் சதுரங்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் பிறந்து ஐரோப்பா போய்ச் சேர்ந்த சதுரங்கத்தை எடுத்து, அதன் கட்டங்களைப் பெருக்கி, நிலவகைகளையும் பீரங்கியையும் சேர்த்து, 1780-இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதிலிருந்து விலகி, 1824-இல் பிரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், கட்டங்களை விட்டுவிட்டு உண்மையான நிலப்படத்தின் மேல் ஆடும் ‘கிரீக்ஸ்பீல்’ என்ற முறையை அதிகாரிகளின் பயிற்சிக்காக அமைத்தார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’, பொம்மை வீரர்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் ஆடும் ஆட்டத்துக்கு விதி வகுத்தது.

ரைஸ்விட்ஸின் முறையில் ஒரு நடுவர் உண்டு. இரு தரப்பும் தங்கள் கட்டளைகளை அவரிடம் தருவார்கள். யார் கண்ணுக்கு எது தெரியும், எந்தக் கட்டளை எப்போது போய்ச் சேரும் என்பதை அவரே தீர்மானிப்பார். தளபதிக்குப் பாதிதான் தெரியும். அவர் நினைத்ததில் பாதிதான் நடக்கும். போர் என்பதே அப்படித்தான் என்று அந்த நடுவர் நினைவூட்டிக்கொண்டே இருப்பார்.

தனியாக ஆடுபவருக்கு நடுவரும் இல்லை, எதிராளியும் இல்லை. சிப்பியோவும் அவரே, ஹனிபாலும் அவரே. யானைகளுக்குச் சந்து விட்டிருக்கும் ரகசியம் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே யானைகளை அனுப்ப வேண்டும். இது அரிய நிலை அல்ல. பக்கத்தில் கூட்டாளி கிடைக்காமல் பலர் தனியாகத்தான் ஆடுகிறார்கள். இந்த விளையாட்டை 1962-இல் தன் நூலால் பரவலாக்கிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், 1973-இல் தனி ஆட்டத்துக்கென்றே இன்னொரு நூல் எழுதினார். ஆகவே எந்த விதிநூல் வரலாற்றுக்கு நெருக்கமானது என்பதோடு இன்னொன்றையும் தனி ஆட்டக்காரர் கேட்க வேண்டும்: நடுவர் பார்த்த வேலையை எது பார்க்கிறது? என் கைப்பிடியை எது தளர்த்துகிறது?

ஜாமாவை வைத்தே சில நூல்களைச் சோதித்துப் பார்க்கலாம்.

நீல் தாமஸின் ‘ஒன் அவர் வார்கேம்ஸ்’ 2014-இல் வந்தது. தரப்புக்கு 6 படைப்பிரிவுகள், 90 செ.மீ. பலகை, 15 அடி வாங்கினால் ஒரு பிரிவு அழியும். அரை மணி நேரத்தில் விதி மனத்தில் ஏறிவிடும். ஆனால் அதன் பண்டைக்காலப் பகுதியில் இருப்பவை காலாட்கள், வில்லாளிகள், சிதறிப் போரிடும் இலகு வீரர்கள், குதிரைப்படை ஆகிய நான்கே வகை. யானை இல்லை. யானை இல்லாத ஜாமா எப்படி ஜாமா ஆகும்? தனி ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கட்டளைக்குத் தடையே கிடையாது. எந்தப் பிரிவை நகர்த்த நினைத்தாலும் அது நகர்ந்துவிடும். இரு பக்கமும் எல்லாம் அறிந்த ஒரே மனம் ஆட, முதல் சுற்றிலேயே முடிவு புரிந்துவிடுகிறது. அந்நூலில் நான் போற்றுவது அதன் 30 போர்ச் சூழல்களை. படையில் யார் யார் இருப்பார்கள் என்பதைப் பகடை போட்டுத் தீர்மானிக்கும் அட்டவணையும் அருமையானது. வேறு விதிநூலோடு சேர்த்து அவற்றைப் பயன்படுத்துவது நல்லது.

1990-இல் பில் பார்க்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ‘டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாடிஸ்’, சுருக்கமாக டி.பி.ஏ., வேறு ரகம். தரப்புக்கு 12 அணிகள். ஒவ்வொரு முறையும் ஒரு பகடையை உருட்ட வேண்டும். விழும் எண்ணே அந்த முறைக்கான நகர்வுகளின் எண்ணிக்கை. ஒட்டி நிற்கும் அணிகள் ஒரு கூட்டமாக, ஒரே நகர்வில் போகலாம். வரிசை குலைந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டும்.

ஒரு முறையைக் கிட்டத்தில் பார்ப்போம். கார்த்தேஜின் பகடையில் 2 விழுகிறது. வலது சிறகில் குதிரைப்படையைத் திருப்ப ஒன்று வேண்டும். கூலிப்படை வரிசையில் விழுந்த ஓட்டையை அடைக்க ஒன்று. இத்தாலியிலிருந்து ஹனிபாலோடு வந்த பழைய வீரர்களை முன்னே கொண்டுவர ஒன்று. மூன்று வேலை, இரண்டு நகர்வு. ஓட்டையை அடைத்துக் குதிரையைத் திருப்பினால் பழைய வீரர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். அடுத்து யானை அணியும் ரோமின் இலகு வீரர்களும் மோதும் இடம். இரு பக்கமும் ஒவ்வொரு பகடை. விழுந்த எண்ணோடு அணியின் பலத்தைக் கூட்ட வேண்டும். ரோமுக்கு 7, யானைக்கு 5. பொதுவாக இரு மடங்கு எடுத்தால்தான் எதிரி அணி அழியும். ஆனால் இலகு வீரர்களிடம் தோற்ற யானைக்கு அந்தச் சலுகை இல்லை. பலகையை விட்டு எடுத்துவிட வேண்டும். ஹனிபாலின் கோணத்தில் எவ்வளவு கவனமாகத் திட்டம் போட்டிருந்தாலும் அந்த ஒரு நொடியில் அது கலைகிறது. மீதியை வைத்து மறுபடி யோசிக்க வேண்டும். தனி ஆட்டத்தில் கிடைக்க வேண்டிய இன்பம் இதுதான். நான்கு அணிகளை இழந்து, எதிரி அதைவிடக் குறைவாக இழந்திருந்தால் தோல்வி; ஆகவே ஆட்டம் இழுபடுவதும் இல்லை.

ரிக் பிரீஸ்ட்லியின் ‘ஹெய்ல் சீசர்’ (2011) பெரிய மேசைக்கும் பெரிய கூட்டத்துக்கும் எழுதப்பட்டது. அதில் ஓர் அற்புதமான விதி உண்டு. கட்டளையை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். தளபதியின் தர எண்ணைத் தாண்டினால் படை அசையாது. அதைவிட எவ்வளவு குறைவாக விழுகிறதோ அதற்கேற்ப ஒன்று முதல் மூன்று நகர்வு வரை கிடைக்கும். இரண்டிலும் 6 விழுந்தால் படை தாறுமாறாக எங்கோ போகும். தனியாக உட்கார்ந்திருக்கும்போதும் உரக்கச் சொல்லுங்கள். சொன்ன சொல்லைப் பகடை விழுந்த பிறகு மாற்ற மனம் வராது. இதே குணம் டேனியல் மெர்சியின் இடைக்காலப் போர் விதிநூலான ‘லயன் ராம்பன்ட்’டிலும் உண்டு. அதன் 2014 பதிப்பில் ஒரு படைப்பிரிவு கட்டளைக்குப் பணியாவிட்டால் அந்தத் தரப்பின் முறையே முடிந்துவிடும்.

குதிரைப்படை களத்தை விட்டுப் போய்த் திரும்பி வருவதற்கு மட்டும் நாமே விதி எழுதிக்கொள்வது நல்லது. எதிரிக் குதிரைகள் அழிந்ததும் துரத்தியவற்றையும் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த சுற்றில் 6 விழுந்தால் திரும்பும். அதற்கடுத்த சுற்றில் 5 அல்லது 6. அதற்கும் அடுத்ததில் 4 முதல் 6 வரை. மூன்று சுற்றுக்குள் திரும்ப நூற்றுக்கு 72 வாய்ப்பு. மீதி 28-இல்தான் ஹனிபாலின் நம்பிக்கை. அதுவரை நடுக்களம் தாங்குமா என்ற பதைப்பு இரு தரப்புக்கும் இருக்கும்.

எதிரியின் திட்டத்தையும் இப்படியே பகடையிடம் விடலாம். ஹனிபாலுக்கு நியாயமான மூன்று திட்டங்களை எழுதி வைத்துக்கொண்டு, ரோமின் அணிவகுப்பை முடித்த பிறகு பகடை போட்டு ஒன்றைத் தேர்ந்து, கடைசிவரை அதற்கு உண்மையாக இருக்க வேண்டும். சி.எஸ். கிராண்ட் 1983-இல் வெளியிட்ட போர்ச்சூழல் நூல், எதிரி எங்கே நிற்பான், எதற்கு என்ன செய்வான் என்பதையெல்லாம் இப்படித்தான் அட்டவணையாக்கித் தந்தது.

என் தீர்ப்பு டி.பி.ஏ.வுக்கே. அதன் நடை இறுக்கமானது, ஒரே வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் சின்ன இடத்தில், ஒரு மாலைப்பொழுதில், தனி ஆளைத் திக்குமுக்காட வைப்பதில் நான் ஆடிய நூல்களில் அதற்கு இணை இல்லை. உலோக வீரர்களை வாங்கி வண்ணம் தீட்டும்வரை காத்திருக்க வேண்டாம். தடித்த அட்டையில் 4 செ.மீ. அகலத்தில் தரப்புக்கு 12 துண்டுகள் வெட்டி, மேலே ‘யானை’, ‘குதிரை’, ‘பழைய வீரர்கள்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஆட்டத்தைக் கார்த்தேஜின் பக்கம் உட்கார்ந்து ஆடுங்கள்.