காத்து வைத்த கருமுட்டை

சென்ற திங்கள் நம் சங்கத்து மாதர் கூட்டம் முடிந்தபின், தாயொருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய மகள் 32 வயதில், வேலையின் பொருட்டுத் திருமணத்தைத் தள்ளி வைத்தபோது, தன் கருமுட்டைகளை எடுத்து உறைய வைத்திருந்தாள். இப்பொழுது 42 வயதில் மணமாகி, அவற்றைக் கொண்டு தாயாக விரும்புகிறாள். "இது நடக்கக்கூடியதா? ஊரில் எப்படிச் சொல்வேன்?" என்று அவர் கண்கலங்கினார். ஊர்விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுள் வேறு சிலவற்றுக்கும் இக்கவலை இருக்கலாமாதலின், அவர் இசைவுடன், பெயர் குறியாது எழுதுகிறோம்.

பெண் தன் ஆயுளுக்குரிய முட்டைகளோடேயே பிறக்கிறாள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை தொகையிலும் தரத்திலும் குறைகின்றன. 35 வயதுக்குப் பின் இக்குறைவு விரைவடைகிறது. உறைய வைத்த முட்டையிலிருந்து கரு உண்டானதை 1986-இல் ஆஸ்திரேலியாவில் டாக்டர் கிறிஸ்டபர் சென் முதன்முதலாக அறிவித்தார். ஆயினும் முட்டையில் நீர் மிகுதி. மெல்ல உறையும்போது பனிப்படிகங்கள் தோன்றி அதைச் சிதைத்தன. பின்னர், நொடிப்பொழுதில் கண்ணாடிபோல் இறுகச் செய்யும் முறை வந்தது. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிரில், முட்டைக்கு வயது ஏறுவதில்லை. வேண்டும்போது அதை உருக்கி, கணவரின் விந்தணுவை நுண்ணிய ஊசியால் உள்ளே செலுத்தி, உண்டாகும் கருவைக் கருப்பையில் வைப்பர். 2012-இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், இதனை இனிச் சோதனை முறையெனக் கருத வேண்டுவதில்லை என்று அறிவித்தது.

ஆனால் முட்டைக்கு வயது 32. சுமக்கும் உடலுக்கோ 42. மரபுக்கூறுகளில் பிழை நேர்வதும், அதனால் கரு கலைவதும் பெரிதும் முட்டையின் வயதைப் பொறுத்தவை. அவ்வகையில் மகள் முன்யோசனையுடனேயே நடந்திருக்கிறாள். கர்ப்பகால இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், அறுவைப் பிரசவம் ஆகியவற்றுக்கோ தாயின் வயதே கணக்கு. மேலும், உருக்கும்போது சில முட்டைகள் அழியும். பிழைத்தவற்றுள் சில கருவாகா. கருவானவற்றுள் சில கருப்பையில் தங்கா. பத்து முட்டைகள் இருப்பதால் குழந்தை உறுதி என்று எண்ணலாகாது. காலத்துக்கும் எல்லையுண்டு: நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், இச்சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50 வயதையும் ஆணுக்கு 55 வயதையும் வரம்பாக வைத்துள்ளது.

ஆகவே அந்தத் தாயிடம் நாம் கூறியது இதுவே: "அம்மா, நடக்கக்கூடியதுதான், ஆனால் உறுதி சொல்வதற்கில்லை. முதலில் மகளின் இருதயம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கர்ப்பம் இவ்வயதில் பெருஞ்சுமை. ஒரு கருவை மட்டும் வைத்தல் தகுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்லும் விடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதன்முறை கைகூடாவிடில், அன்று மகளுக்குத் துணை நீங்கள்தாம்."

அவர் மறுமொழி ஏதும் கூறாமல் சென்றார். மறுவாரம் மகளுடன் தாமும் டாக்டரிடம் போய்வந்ததாகத் தெரிவித்தார். நாம் மகிழ்ந்தோம்.