தண்ணீர் சும்மா இருக்காது

போன ஞாயிறு அக்கா மகன் ஒரு ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தான். உள்ளே வடிகஞ்சி மாதிரி கலங்கிய திரவம். "மாமா, ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி ஊத்தும்போது இது கண்ணாடியா இருந்துச்சு" என்றான். அவன் கம்ப்யூட்டரைக் குளிர்விக்கும் சுற்றிலிருந்து இறக்கிய கூலன்ட். பம்ப் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது; ஆனாலும் பிராசஸர் முன்பைவிட 15 டிகிரி அதிகமாகச் சுடுகிறதாம்.

வாட்டர் பிளாக்கையும் கழற்றி எடுத்து வந்திருந்தான். பிராசஸர் மேல் உட்காரும் செம்புத் துண்டு அது. உட்புறத்தில் சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள் இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு தலைமுடி நுழையும் இடம்தான். சூடு தண்ணீருக்குக் கைமாறுவது அந்தச் சந்துகளில். அங்கேதான் வெள்ளையாக ஒரு பசை அப்பியிருந்தது. அழுக்கு என்று நினைத்திருந்தான். டியூபிலிருந்து வந்தது என்றேன். பிவிசி டியூப் வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளை அதில் சேர்க்கிறார்கள். வெதுவெதுப்பான திரவம் மாதக்கணக்கில் உரசிப் போகும்போது அது கசிந்து வந்து குறுகலான இடத்தில் படிகிறது. கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூபில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பார்க்க அழகில்லை என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். நானாக இருந்தால் அதைத்தான் போடுவேன்.

"அப்போ தண்ணி மேல தப்பில்லையா?"

தண்ணீர் சும்மா இருக்காதுடா என்றேன். தொட்டதையெல்லாம் கொஞ்சம் கரைத்துக்கொள்வது அதன் குணம். சூட்டைச் சுமப்பதில் அதற்கு ஈடில்லை. ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடாக 4.18 ஜூல் வேண்டும். அதற்காகத்தான் அதை உள்ளே விடுகிறோம். உள்ளே போனபின் அது எதையும் கரைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

கேன் தண்ணீர் ஆகாதா என்று கேட்டான். ஆர்ஓ நீரில் உப்பு குறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. சுவைக்காகத் தாதுக்களைச் சேர்ப்பதும் உண்டு. இன்வர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் தேவலை, ஆனால் அதுவும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தோம். கேன் தண்ணீர் 60ஐத் தாண்டியது, பேட்டரி தண்ணீர் 1இல் நின்றது. ஹீட்டரில் உப்பு படிகிற மாதிரி இங்கே படிந்துவிடும் என்று பெரிதாகப் பயப்பட வேண்டாம். மூடிய சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுவது அதே ஒரு லிட்டர்தான். அதிலுள்ள உப்பும் அவ்வளவுதான். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதே கவலை.

செம்பும் அலுமினியமும் அப்படிப்பட்ட நீரில் ஒன்றாக நனைந்தால் அது ஒரு பேட்டரி. ஏட்டுக் கணக்கில் செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் −1.66; வித்தியாசம் சரியாக 2 வோல்ட். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்ஸைடு படலம் கொஞ்ச காலம் காக்கும், பிறகு புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். சுத்த நீர் ஊற்றினாலும் தப்பிக்க முடியாது. ஓட ஓட உலோகத்திலிருந்தே அயனிகளை எடுத்துக்கொண்டு அதுவும் கடத்தத் தொடங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டர் மதர்போர்டில் சொட்டினாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை முதல் நாளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

"கடையில விக்கிற மூடின கூலர்ல ரெண்டும் இருக்கே மாமா?" நல்ல கேள்வி. பெரும்பாலானவற்றில் செம்பு பிளாக், அலுமினிய ரேடியேட்டர்தான். அரிப்புத் தடுப்பானை அளந்து ஊற்றித் தொழிற்சாலையிலேயே மூடிவிடுகிறார்கள். அதற்கும் ஆயுள் உண்டு. தடுப்பான் தேயும், ரப்பர் குழாய் வழியே நீர் மெல்ல ஆவியாகும். நாமே கோக்கும் சுற்றில் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பமாக வாங்கிவிட்டால் பாதிக் கவலை அன்றைக்கே தீர்ந்தது.

மீதிப் பாதி, உயிருள்ளவை. பாசிக்கு வெளிச்சம் வேண்டும், பாக்டீரியாவுக்கு அதுவும் வேண்டாம். டேட்டா சென்டர்களில் பரவலாக ஓடுவது 25 சதவீத புரோப்பிலின் கிளைக்கால் கலந்த நீர். அந்தச் செறிவில் கிருமி வளராது. ஆனால் இவன் செய்தது போல கூலன்ட் மிச்சமாகட்டும் என்று பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால், நீர்த்த கிளைக்காலே கிருமிக்குத் தீனியாகிவிடும். காசை மிச்சம் பிடிக்கப்போய் வாட்டர் பிளாக் பாழாவது இங்கேதான். கிளைக்கால் நாள்பட அமிலமாகவும் மாறும். அதனால் டேட்டா சென்டரில் பிஎச் அளவு, செறிவு, கடத்துத்திறன் மூன்றையும் தவறாமல் சோதிக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 2022இல் உலகின் முதலிடம் பிடித்த ஃபிரான்டியர் கணினியில் தலா 350 குதிரைத் திறன் கொண்ட நான்கு பம்புகள் நிமிடத்துக்கு 22,000 லிட்டருக்கு மேல் நீரைச் செலுத்துகின்றன. அவ்வளவு பெரிய ஏற்பாட்டிலும் நீர் கடைசியில் நுழைவது இதே மாதிரிக் குறுகிய சந்துகளில்தான்.

காருக்கு ஊற்றும் கூலன்ட் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பலவற்றில் இருப்பது எத்திலின் கிளைக்கால், இனிக்கும், விஷம். அவன் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

பழைய பல்துலக்கும் பிரஷால் பிளாக்கைத் தேய்த்தோம். ரேடியேட்டரில் சூடான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினோம். ஐந்தாவது முறைதான் தெளிவாக வந்தது. புது ரேடியேட்டரையும் இப்படிக் கழுவியே மாட்ட வேண்டும். பற்றவைக்கும்போது பூசிய ஃப்ளக்ஸ் உள்ளே மிச்சமிருக்கும். டியூபை மாற்றி, நேரடியாக ஊற்றும் கூலன்டை ஒரு சொட்டு நீர் சேர்க்காமல் நிரப்பினான்.

ஜாம் பாட்டிலையும் கழுவி அதில் புது கூலன்டைக் கொஞ்சம் ஊற்றி மூடச் சொன்னேன். தேதி எழுதி, குழந்தைக்கு எட்டாத மேல் அலமாரியில் வைத்திருக்கிறான். ஆறு மாதம் கழித்துச் சுற்றிலிருந்து ஒரு டம்ளர் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகப் பேச்சு.