அச்சம் போரைத் தடுக்குமா?

அணுகுண்டு தோன்றியபின் பெரும்போர் நிகழாது, சர்வநாசத்திற்கு அஞ்சாத அரசு எது என்று வாதிப்போர் உளர். அன்பர்கள் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள். இது புதிய வாதமன்று.

ருஷ்ய ஆட்சியிலிருந்த போலந்தில் ரயில் பாதைகள் அமைத்துப் பெரும் பொருள் ஈட்டியவர் யான் பிளோக். 1898-ஆம் ஆண்டில் அவர் போரைப் பற்றி ஆறு பாகங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். புதிய துப்பாக்கிகளின்முன் படைகள் பதுங்குகுழிகளில் முடங்கும், போர் நீளும், பஞ்சமும் புரட்சியும் வரும், ஆகவே அறிவுள்ள நாடு எதுவும் இனிப் பெரும்போருக்குத் துணியாது என்பது அவர் முடிபு. 1902-இல் அவர் காலமானார். 1914-இல் போர் மூண்டது. பதுங்குகுழி, பஞ்சம், புரட்சி யாவும் அவர் சொன்னபடியே வந்தன. சுமார் 90 லட்சம் போர்வீரர் மாண்டனர். முடிபு ஒன்றே பொய்த்தது.

காரணம் என்ன? அழிவுக்கு அஞ்சியவர்கள், பிந்திவிடுவதற்கு அதனினும் அதிகமாக அஞ்சினார்கள். 1914 ஆகஸ்டு 1 அன்று, பிரான்சு ஒதுங்கி நிற்கக்கூடும் என்று நம்பிய ஜெர்மானியச் சக்கரவர்த்தி, படை முழுவதையும் கிழக்கே ருஷ்யாவை நோக்கித் திருப்பச் சொன்னார். தலைமைத் தளபதி மோல்ட்கே மறுத்தார். ஓராண்டு உழைத்து வகுத்த ஏற்பாட்டை நினைத்தவுடன் மாற்ற இயலாது என்றார். அந்த ஏற்பாடு பெரும்பாலும் ரயில் அட்டவணைதான். ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு அவர் சங்கடம் புரிகிறது. ஒரு வண்டியை மாற்றினால் எத்தனை வண்டிகள் நிலைகுலையும் என்பதை அறிவேன். ஆயினும், நிறுத்த முடியாதபடி அட்டவணை வகுத்ததே பிழையன்றோ? அன்றிரவே சக்கரவர்த்தியின் நம்பிக்கை பொய்த்தது. வண்டிகள் மேற்கே சென்றன.

நம் நாட்டுக்கு வருவோம். 1998 மே மாதத்தில் பாரதமும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. மறு ஆண்டே கார்கிலில் போர்! அச்சம் அதைத் தடுக்கவில்லை. வேலி மட்டும் இட்டது. நம் விமானங்கள் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டலாகாது என்று அரசு கட்டளையிட்டது. ஆனால் அவ்வேலி இருந்த இடத்தில் நிற்கவில்லை. 2019-இல் விமானங்கள் கோட்டைத் தாண்டிப் பாலகோட்டில் குண்டு வீசின. 2025 மே மாதத்தில் நான்கு நாட்கள் இரு பக்கமும் ஏவுகணைகள் பறந்தன. இதற்குமேல் எதிரி துணியமாட்டான் என்றே ஒவ்வொரு முறையும் கணக்கிடுகிறார்கள்.

2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் புறப்பட்டுப் பாகிஸ்தானில் மியான் சன்னூ என்ற ஊரருகே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, பாகிஸ்தானும் பதிலுக்கு ஏவவில்லை. பின்னர் நம் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். தவறான பாதையில் சென்ற வண்டியை அடுத்த ஸ்டேஷனிலாவது நிறுத்தலாம். அன்று இரு நாடுகளும் போர்க்கோலத்தில் இல்லை. 2025-இன் அந்த நான்கு நாட்களில் அதே தவறு நேர்ந்திருந்தால், அதைத் தவறு என்று யார் நம்பியிருப்பார்?