மேகமலை வௌவாலின் வழக்கு

ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினால், செக்கானூரணி தாண்டியதும் காமராசர் பல்கலைக்கழகம் வரும். வௌவாலுக்காக வாதாடியவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

1948-ல் மேகமலையில் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண இனமென்று பெயர் ஒட்டப்பட்டு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. 1972-ல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை உலகுக்கே புதிய இனமென்று நிறுவி, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிற்பாடு அதற்கு உச்சப் பாதுகாப்பு தந்தது. மற்ற பழந்தின்னி வௌவால்களோ எலி, காக்கையோடு அதே சட்டத்தின் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன!

ஆனால் அவை செய்யும் வேலையை எங்கள் தோட்டத்து இலுப்பையடியில் விடிகாலையில் பார்ப்பேன்: மென்று துப்பிய சக்கை, பல் பதிந்த பழம், சிதறிய கொட்டைகள். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் கொட்டையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் வௌவால்தான். 2009-ல் காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர் என்பது நியாயமா என்று பன்னாட்டு ஆய்விதழில் கேட்டார்கள். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பட்டியலே நீங்கியது.

தோப்புக்காரர்களே, வௌவாலை விரட்ட இனி வெடி போடாதீர்கள்.