இந்த வருஷம் எனக்குப் பிடித்த மூன்று

டிசம்பர் வந்தால் பட்டியல் போடும் பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தத் தடவை பட்டியலில் புதுசு ஒன்றுகூட இல்லை. காரணம், ஜூனில் செத்துப்போன ஒரு ஹார்ட் டிஸ்க்.

அதில் அப்பாவின் குரல் இருந்தது. எங்கள் ஊர் ஏரி, மடை, கோயில் மானியம் பற்றியெல்லாம் அவரை உட்காரவைத்துப் பேசச் சொல்லி, ஆறு மணி நேரம் பதிவு செய்திருந்தேன். ஆபீஸில் தினமும் பேக்கப் ஓடிச்சா என்று பார்க்கிற ஆள் நான். வீட்டில் ஒரே காப்பி! அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த டிஸ்க் போனபிறகு எதைப் படித்தாலும், கேட்டாலும், ‘இது எப்படித் தப்பிச்சு நம்ம கைக்கு வந்துச்சு?’ என்றுதான் யோசனை போகிறது.

புத்தகம்: என் சரித்திரம்

உ.வே.சாமிநாதையர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். 1942இல் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு, முடியாமலே நின்றுவிட்டது. காலேஜில் படித்தபோது எனக்கு அது குருகுலக் கதை. இப்போது படித்தால் டேட்டா ரெகவரி பற்றிய புத்தகம்.

1880இல் கும்பகோணத்தில், சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சிந்தாமணி பற்றிக் கேட்கிறார். அங்கிருந்து சீவக சிந்தாமணி அச்சில் வர 1887 ஆகிறது. ஏன் இவ்வளவு காலம்? ஏட்டுச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். ‘க’வா ‘க்’கா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுதான். காலும் ரகரமும் ஒரே மாதிரி. இருக்கிற ஒரே வழி, பல ஊர் ஏடுகளைச் சேர்த்து வைத்து ஒப்பிடுவது. நாங்கள் கோடில் ‘டிஃப்’ பார்ப்பது மாதிரி. என்ன, இங்கே மூலப்பிரதி கிடையாது. எல்லாமே காப்பியின் காப்பி.

கரிவலம்வந்தநல்லூரில், கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஹோமத்தில் போட்டுவிட்டதாக அவரிடம் சொல்கிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, சாஸ்திரம் அப்படி என்று நம்பித்தான் செய்தார்கள்.

இசை: ஹவ் டு நேம் இட்

1986இல் வந்த இளையராஜா ஆல்பம். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். வயலின் வி.எஸ்.நரசிம்மன். கர்நாடக இசையில் ஒரு மெட்டுதான் ஓடும். மற்றதெல்லாம் அதற்குத் துணை. பாக்கின் இசையில் இரண்டு மூன்று மெட்டுகள் ஒரே நேரத்தில், தன் தன் வழியில் ஓடும், ஆனாலும் முட்டிக்கொள்ளாது. ராஜா இங்கே ராகத்தை அந்த ஏற்பாட்டுக்குள் நடக்க விடுகிறார். முதல் தடவை மேல் வயலினை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை கீழே செல்லோவை மட்டும். இரண்டு வேறு பாட்டு மாதிரி இருக்கும்.

படம்: வீடு

இந்த ஆல்பத்தின் இசையைத்தான் பாலு மகேந்திரா ‘வீடு’ (1988) படத்துக்குப் பின்னணியாக வைத்தார். படத்தில் பாட்டே கிடையாது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும், மாதச் சம்பளக்காரியான சுதா சொந்தமாக வீடு கட்ட இறங்குகிறாள். கடன், அனுமதி, கான்ட்ராக்டரின் ஏமாற்று என்று ஒவ்வொன்றாக வருகிறது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு மறக்காதது தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வரும் காட்சி.

அந்தப் படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை. பாலு மகேந்திராவே கடைசிக் காலத்தில் வேதனையோடு சொன்னது இது. பனையோலை நூற்றாண்டுகள் தாங்கியிருக்கிறது. நம் காலத்துப் படச்சுருள் முப்பது வருஷம் தாங்கவில்லை. விருது, புகழ் எதுவும் காப்பாற்றாது. யாராவது ஒருத்தர் பிரதி எடுத்து வைத்தால்தான் உண்டு.

அப்பாவின் பதிவில் நாலு நிமிஷத் துண்டு ஒன்று, எப்போதோ அக்காவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியது, அவள் போனில் கிடைத்தது. மடை திறக்கிற முறை பற்றிப் பேசுகிறார். நடுவில் ‘அப்புறம்ப்பா?’ என்று நான் குறுக்கே கேட்பதும் அதில் இருக்கிறது. இப்போது மூன்று பிரதி, மூன்று இடத்தில். ஒன்று அக்கா வீட்டில்.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் இருக்கும். இந்த லீவில் எடுத்துப் பாருங்கள்.