சர்வோ பெருக்கியின் இயக்க அனுமதிக் குறிகை: பாதுகாப்பான இணைப்புமுறை

ஆய்வுச்சுருக்கம்
தானியங்கு இயந்திரங்களில் மோட்டாருக்கு மின்னாற்றல் செல்லலாமா, கூடாதா என்பதை இயக்க அனுமதிக் குறிகை முடிவுசெய்கின்றது. அக்குறிகையை இயக்கக் கட்டுப்படுத்தியுடன் இணைக்கும்போது பின்பற்ற வேண்டிய மின்சுற்று நெறி, தொடர்ச்சுற்று அமைப்பு, செயல்வரிசை ஆகியவற்றையும் அக்குறிகையின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: சர்வோ பெருக்கி, இயக்க அனுமதி, கட்டுப்படுத்தி, ரிலே, பிரேக்

முன்னுரை
கணினிவழிக் கடைசல் எந்திரம், இயந்திரக் கை முதலியவற்றில் கட்டுப்படுத்தி கட்டளையிடுகின்றது; சர்வோ பெருக்கி அக்கட்டளையை மின்னோட்டமாக்கி மோட்டாரைச் சுழற்றுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே வேகக் கட்டளையைச் சுமக்கும் கம்பிகளோடு, 'எனேபிள்' எனத் தொழிற்கூடங்களில் வழங்கும் அனுமதிக் கம்பியும் செல்கின்றது. எத்தகைய கட்டளை வந்தாலும், அனுமதி இல்லையேல் மோட்டாரில் முறுக்குவிசை தோன்றாது. ஆதலின் இக்கம்பியை இணைப்பதில் நேரும் பிழை, இயந்திரத்தினுள் கைவைத்திருக்கும் தொழிலாளியின் உடலைத் தாக்கக்கூடியது.

1. மின்னழுத்தமே அனுமதி
கம்பியில் 24 வோல்ட் இருந்தால் மட்டுமே அனுமதி, இல்லையேல் நிறுத்தம். இதுவே முதல் நெறி. கம்பி அறுதல், இணைப்பான் கழலுதல், கட்டுப்படுத்தி மின்சாரம் இழத்தல் ஆகிய மூன்றும் இந்நெறியின்படி நிறுத்தத்திலேயே முடியும்.

கட்டுப்படுத்தியின் வெளியீடு மின்னழுத்தத்தை வழங்கும் வகையாகவோ, கம்பியை 0 வோல்ட்டுக்கு இழுக்கும் வகையாகவோ அமையலாம். இரண்டாம் வகையில் கம்பியின் காப்புறை உராய்ந்து, புவியிணைப்புப் பெற்ற இயந்திர உடலைத் தொட்டால், அத்தொடுகையே அனுமதியாகிவிடும். மின்வழங்கியின் 0 வோல்ட் முனையும் புவியோடு இணைந்திருப்பதே இதற்குக் காரணம். முதல் வகையில் அதே பழுது மின்காப்பிழையை எரித்து மோட்டாரை நிறுத்தும். ஆகவே மின்னழுத்தம் வழங்கும் வகையே ஏற்றது. பெருக்கியின் உள்ளீடு ஒளியிணைப்பான் கொண்டதாயின், அதன் பொதுமுனையையும் தவறாமல் இணைத்தல் வேண்டும்.

2. தொடர்ச்சுற்று அமைப்பு
கட்டுப்படுத்தியின் மென்பொருள் முடங்கும்போது அதன் வெளியீடு இறுதி நிலையிலேயே உறைந்துவிடலாம். இதனைத் தடுக்கக் கண்காணிப்புக் கடிகாரம் இயக்கும் ரிலேயின் தொடுமுனையை அனுமதிக் கம்பியில் தொடராக இணைப்பர். மென்பொருள் உரிய காலத்தில் துடிப்பு அனுப்பாவிடில் அத்தொடுமுனை திறந்துவிடும்.

பெருக்கியின் பழுதறிவிப்பு எதிர்த்திசையில் கட்டுப்படுத்திக்குச் செல்லவேண்டும். நலமாக இருக்கும்போது மூடியும் பழுதின்போது திறந்தும் இருக்கும் தொடுமுனையே இதற்கு உகந்தது. ஒரு பாலத்தை இரு மோட்டார்கள் இழுக்கும் அமைப்பில் ஒன்று பழுதுபட்டால் மற்றொன்றையும் உடன் நிறுத்தாவிடில் பாலம் முறுகிவிடும்.

ரிலேச் சுருளின் குறுக்கே இடும் டையோடு, மின்னழுத்தத் தாவலிலிருந்து வெளியீட்டைக் காக்கின்றது. எனினும் ரிலே விடுபடும் நேரத்தைச் சற்று நீட்டுகின்றது. நிறுத்த நேரத்தைக் கணக்கிடுகையில் இதனையும் சேர்த்தல் வேண்டும்.

3. செயல்வரிசை
அனுமதி நீங்கியிருக்கும்போது அச்சு கையால் நகர்த்தப்பட்டால், கட்டளையிட்ட நிலைக்கும் உண்மை நிலைக்கும் இடையே வேறுபாடு சேர்கின்றது. அந்நிலையில் மீண்டும் அனுமதி தந்தால் மோட்டார் அவ்வேறுபாட்டை ஒரே பாய்ச்சலில் சரிசெய்ய முனையும். ஆதலின் கட்டளை நிலையை உண்மை நிலையோடு பொருத்தி, வேகக் கட்டளையைச் சுழியமாக்கிய பின்னரே அனுமதி வழங்கவேண்டும்.

செங்குத்து அச்சில் பிரேக்கும் இவ்வரிசையில் இடம்பெறுகின்றது. தொடங்கும்போது அனுமதி தந்து, முறுக்குவிசை நிலைபெற்றபின் பிரேக்கை விடுவித்தல் வேண்டும். நிறுத்தும்போது பிரேக் முழுமையாகப் பிடித்தபின் அனுமதியை நீக்குதல் வேண்டும். வரிசை மாறினால் சுமை கீழே சரியும்.

4. அனுமதிக் குறிகையின் எல்லை
பெரும்பாலான பெருக்கிகளில் சாதாரண அனுமதி உள்ளீட்டை உள்ளிருக்கும் நுண்செயலியே கையாளுகின்றது. எனவே அவசர நிறுத்தத்திற்கு அதனை மட்டும் நம்புதல் தகாது. ஐ.ஈ.சி. 61800-5-2 தரம் வரையறுக்கும் 'பாதுகாப்பான முறுக்கு நீக்கம்' என்னும் செயற்பாடு தனி உள்ளீடுகளைக் கொண்டது. பாதுகாப்பு ரிலேயை அவற்றோடு இணைத்தல் வேண்டும்.

ஐ.ஈ.சி. 60204-1 தரம் நிறுத்தத்தை 0, 1, 2 என மூவகைப்படுத்துகின்றது. 0 வகையில் ஆற்றல் உடனே நீக்கப்படுகின்றது. 1 வகையில் கட்டுப்பாட்டுடன் நிறுத்தியபின் நீக்கப்படுகின்றது. 2 வகையில் நின்றபின்னும் ஆற்றல் தொடர்கின்றது. அவசர நிறுத்தத்திற்கு முதலிரண்டு வகைகளே உரியன. வேகமாகச் சுழலும் கனத்த சுமையில் ஆற்றலை உடனே நீக்கினால் அது தானே ஓய நெடுநேரம் ஆகலாம். அங்கு 1 வகையே பொருந்தும்.

முறுக்கு நீக்கம் மின்துண்டிப்பு அன்று என்பதும் நினைவிற்குரியது. பெருக்கியின் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கும்.

முடிவுரை
இணைப்பை முடித்தபின், மோட்டாரைச் சுமையிலிருந்து பிரித்து, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே கழற்றிச் சோதித்தல் வேண்டும். எக்கம்பியைக் கழற்றினாலும் மோட்டார் நின்றால் மட்டுமே அமைப்பு ஏற்கத்தக்கது. மீண்டும் இணைத்தவுடன் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்குதலும் கூடாது. இயக்குபவரின் புதிய கட்டளைக்கு அது காத்திருத்தல் வேண்டும். இயங்குவதைக் காட்டும் சோதனை இணைப்புச் சரியென்பதற்கு மட்டுமே சான்று. பழுதின்போது நிற்பதைக் காட்டும் சோதனையே பாதுகாப்பிற்குச் சான்று.